பரவைக்கடல் மீனும் பள்ளிக்கூடத் தொட்டியும்

தென்மராட்சியின் தெற்கு எல்லை யாழ்ப்பாணக் கடல்நீரேரி. ஊரவர் அதைப் பரவைக்கடல் என்பர். ஏறக்குறைய 400 சதுர கிலோமீற்றர் பரந்த இந்த நீரில் பெரும்பாலான இடங்களில் ஓர் ஆள் கால் ஊன்றி நிற்கலாம். மேற்கே பாக்கு நீரிணையோடு அது கலக்கிறது. கிழக்கே ஆனையிறவை நோக்கிப் போகப்போக ஆழம் குறைந்து, கோடையில் உப்பு ஏறுகிறது. சாவகச்சேரியின் தென்மேற்கே தனங்கிளப்பும் மறவன்புலவும், தென்கிழக்கே கச்சாயும் கிளாலியும் இதன் கரைகள். வடக்கே தொண்டைமானாற்றோடு சேரும் இன்னொரு நீரேரி கிடக்கிறது. இரண்டு உவர்நீருக்கு நடுவே இருக்கும் ஊர் சாவகச்சேரி.

1978 முதல் 1983 வரை இந்த ஊரை அண்டிய ஒரு பாடசாலையில் நீரேரி மீன்களை உயிரோடு பிடித்துவந்து தொட்டியில் வளர்த்துப் பார்த்துக் கற்கும் வழக்கம் இருந்தது. விலங்கியல் ஆசிரியர் ஒருவரும் உயர்தர வகுப்பு மாணவர் பத்துப் பன்னிரண்டு பேரும் அதை நடத்தினர். அவர்கள் கற்ற முறைகளும் செய்த பிழைகளும், அதில் இருந்தவர்களின் நினைவிலிருந்தும் எஞ்சிய ஒரு குறிப்புக் கொப்பியிலிருந்தும் இங்கே ஒழுங்குபடுத்தப்படுகின்றன.

கறிச்சட்டியில் தெரிந்த மீன்

மீனைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பொதுமக்களுக்குக் காட்டும் வழக்கம் 1853இல் இலண்டன் விலங்குச் சாலையில் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு அது 1909இல் வந்தது. சென்னை அரும்பொருளகத்தின் தலைவராக இருந்த எட்கர் தேர்ஸ்டனின் முயற்சியால் மெரினாக் கடற்கரையில் ஒரு மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. இலங்கையில் 1936இல் அரசு பொறுப்பேற்ற தெகிவளை விலங்குச் சாலை பின்னாளில் மீன் காட்சியகத்துக்குப் பேர்பெற்றது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் கொழும்புச் சுற்றுலாவில் தவறாமல் போகும் இடம் அது.

அங்கே அவர்கள் கண்டவை பெரும்பாலும் முருகைக்கல் மீன்களும் நன்னீர் அலங்கார மீன்களும். தங்கள் வீட்டுக் கறிச்சட்டிக்கு நாள்தோறும் வரும் ஓரா, கீளி, காரல், கிளக்கன், முரல், மடவை ஆகியவை உயிரோடு எப்படி நீந்தும், எதைத் தின்னும், எங்கே உறங்கும் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. சுற்றுலாவிலிருந்து திரும்பிய ஒரு மாணவன் வகுப்பில் இதைக் கேட்டான். ஆசிரியரிடமும் மறுமொழி இல்லை. தொட்டி வைக்கும் எண்ணம் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. வடபகுதி அறிவியல் மாணவர்களுக்குக் களப்படிப்பைப் பழக்கிய தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்துக்கு அவர் ஏற்கெனவே மாணவர்களைக் கூட்டிச் சென்றிருந்தார். ஒருநாட் பயணத்தில் பார்ப்பதை ஆண்டு முழுவதும் பார்க்க வேண்டும் என்பது அவர் விருப்பம்.

முதலில் நீர்

மீன் பிடிக்கப் போவதற்கு முன் நீரைப் படிக்க வேண்டும் என்பது முதற் பாடம். பரவைக்கடலின் நீர் ஆண்டு முழுவதும் ஒரே நீர் அல்ல. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாரியில் மழைநீர் வந்து சேர உவர்த்தன்மை விழுகிறது. பங்குனிக்குப் பின் வெயில் ஏற, சோளகக் காற்று அடிக்க, நீர் ஆவியாகி உப்பு மிஞ்சுகிறது. திறந்த கடலில் ஒரு லீற்றரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். கோடை முடிவில் நீரேரியின் கிழக்குப் பகுதி இதைத் தாண்டும். கரையோரப் பள்ளங்களில் உப்பு வெள்ளையாய்ப் பூத்துக் கிடக்கும். ஆனையிறவில் உப்பளம் அமைந்ததும் இந்த இயல்பினால்தான்.

உப்பை அளக்க அவர்களிடம் வாங்கிய மானி இல்லை. ஒரு சோதனைக் குழாயின் அடியில் ஈயக் குண்டுகளை இட்டு, உள்ளே வரைதாள் கீற்று ஒன்றைச் செருகி, வாயை மெழுகால் அடைத்து ஒரு மிதவை செய்தார்கள். அதைக் கிணற்று நீரில் மிதக்கவிட்டு நீர்மட்டம் தொட்ட இடத்தில் ஒரு கோடு. லீற்றருக்கு 35 கிராம் உப்புக் கரைத்த நீரில் இன்னொரு கோடு. அந்த இரண்டுக்கும் இடையைச் சம பாகங்களாகப் பிரித்தபோது அளவுகோல் கிடைத்தது. நன்னீரின் அடர்த்தியை 1.000 என்று கொண்டால் கடல்நீர் ஏறக்குறைய 1.025. அந்த மிதவை ஐந்து ஆண்டுகள் உழைத்தது.

அடித்தரையும் பார்க்க வேண்டும். சாதாளை என்னும் நீர்ப்பூண்டு படர்ந்த தரையில் நிற்கும் மீன் வெறும் மணலில் நிற்காது. கண்டல் வேர்களுக்கிடையே ஒதுங்கும் மீன் வெளியே வராது. சேற்றில் குதித்துத் திரியும் மீனைத் தேடி ஆழத்துக்குப் போவது வீண். தனங்கிளப்புக் கரையில் சிறகு வலை வைத்திருந்த முதியவர் ஒருவர் முதல் நாளே இதைச் சொல்லிவிட்டார்:

"தம்பியவை, வத்துக்கு நிக்கிற மீன் வேற, பெருக்குக்கு வாற மீன் வேற. என்ன மீன் வேணுமெண்டு சொல்லுங்கோ, எப்ப வாறதெண்டு நான் சொல்லுறன்."

"எங்களுக்கு எல்லாம் வேணும் அப்பு," என்றான் ஒருவன்.

"அப்ப வருசம் முழுக்க வரோணும்."

அவர் சொன்னபடியே ஆண்டு முழுவதும் போனார்கள்.

பிடிக்கும் முறை

சிறகு வலை நீரேரிக்கே உரிய பழைய அமைப்பு. ஆழமில்லாத நீரில் தடிகளை வரிசையாக நட்டு, அவற்றில் வலையைச் சிறகுபோல் நீளக் கட்டுவர். வற்றோடு திரும்பும் மீன் சிறகில் தடைப்பட்டு, அதன் ஓரமாகவே நீந்திக் கடைசியில் உள்ள கூட்டுக்குள் போய்ச் சேரும். செட்டையில் மாட்டி நெரிபடாமல், கூட்டுக்குள் நீந்தியபடியே நிற்கும். உயிருடன் மீன் வேண்டுவோருக்கு இது பெரிய வாய்ப்பு. விடியற்காலையில் கூட்டைத் தூக்கும்போது விலைபோகும் மீனும் இறாலும் நண்டும் பறிக்குள் போகும். விரலளவுக் குஞ்சுகளும் பேத்தையும் கடற்குதிரையும் ஒதுக்கப்படும். மாணவர்கள் எடுத்தவை பெரும்பாலும் அந்த ஒதுக்கலில் இருந்தவை. வலைக்காரருக்கு நட்டமில்லை. கரையில் காய்ந்து போக வேண்டிய உயிர்கள் தொட்டிக்கு வந்தன.

சிறகு வலையில் அகப்படாதவற்றுக்கு நுளம்பு வலை உதவியது. பழைய நுளம்பு வலையில் இரண்டு முழம் வெட்டி, இரு கரையிலும் பூவரசந் தடி கட்டி, அடி விளிம்பில் ஈயம் கோத்துக்கொண்டார்கள். இருவர் முழங்கால் நீரில் மெதுவாக நடந்து சாதாளைக்கு அடியால் அதைத் தள்ளிச் செல்வர். இருபது அடிக்குமேல் தள்ளக்கூடாது. தள்ளினால் சேறும் சாதாளையும் சேர்ந்து உள்ளே இருக்கும் சிறு மீனை நசுக்கிவிடும். வலையை நீரைவிட்டு உயர்த்தாமல், நீருக்குள்ளேயே ஒரு சிரட்டையால் மீனை மொண்டு வாளிக்குள் விட வேண்டும். கை பட்டால் மீனின் உடலை மூடியுள்ள வழுவழுப்பான சளிப்படை கழன்றுவிடும். நோய்க்கிருமி தொற்றாமல் காப்பது அந்தப் படைதான். கையால் பிடித்த மீன் இரண்டாம் மூன்றாம் நாளில் வெண்பூஞ்சு படிந்து சாவதைப் பார்த்தே இதைக் கற்றார்கள்.

பேத்தைக்குத் தனி விதி உண்டு. பயந்தால் அது நீரை விழுங்கி உருண்டையாக உப்பும். நீருக்கு வெளியே உப்பினால் காற்றை விழுங்கிவிடும். அந்தக் காற்றை வெளியே விட முடியாமல் மிதந்து கிடந்து சிலவேளை செத்துப்போகும். ஆகவே பேத்தையை நீரோடு சேர்த்தே மொள்ள வேண்டும். அதன் உடலில் உள்ள நஞ்சு சமைத்தாலும் போகாது. தொட்டிக்கு வந்த பேத்தை எந்தக் காரணத்தாலும் அடுக்களைக்குப் போகக்கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

முள்ளுக்கும் அஞ்ச வேண்டும். சுங்கான் மீனின் முதுகிலும் பக்கச் செட்டைகளிலும் உள்ள முள் கடும் நஞ்சுடையது. ஓராவின் முதுகில் 13, கீழே பின்புறம் 7, வயிற்றுச் செட்டை ஒவ்வொன்றிலும் 2 முட்கள். எல்லாமே குத்தினால் கடுக்கும். குத்துப்பட்ட இடத்தைத் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அமிழ்த்தினால் வலி தணியும். திருக்கை நிற்கும் மணலில் காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து நடக்க வேண்டும். காலின் அசைவு தெரிந்தால் அது விலகிப் போய்விடும்.

வீதியில் ஒரு வாளி

பிடித்த மீன் சாவது பெரும்பாலும் வழியில்தான். கரையிலிருந்து பாடசாலைக்குச் சைக்கிளில் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏழு மணிக்குமேல் வெயில் ஏறிவிடும். நீர் சூடேற ஏற அதில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறையும். மீனுக்கோ சூட்டில் ஒட்சிசன் கூடுதலாக வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையில் அகப்பட்டே வாளி மீன்கள் செத்தன.

அதற்கு அவர்கள் கண்ட வழிகள் எளியவை. மீனுக்கு முதல்நாள் இரை கிடைத்திருக்கக் கூடாது என்பதால் சிறகு வலையில் இரவு முழுவதும் நின்ற மீனையே தெரிந்தெடுத்தார்கள். வயிறு காலியான மீன் வழியில் நீரைப் பழுதாக்காது. அகன்ற வாயுள்ள வாளியில் அரைவாசிக்கு மட்டும் நீர். அதன்மேல் நனைத்த சாக்கு. ஒரு வாளியில் விரலளவு மீன் எட்டுக்கு மேல் இல்லை. முள் மீனும் மென் மீனும் ஒரே வாளியில் சேர்வதில்லை. குண்டும் குழியுமான வீதியில் வாளி குலுங்குவதை முதலில் தீமை என்று நினைத்தார்கள். நீர் குலுங்கும்போது காற்றோடு கலந்து ஒட்சிசனை வாங்குகிறது என்பது பின்னர் தெரிந்தது. சைக்கிளை நிறுத்தி நிழலில் இளைப்பாறிய நாட்களில்தான் மீன் கூடுதலாகச் செத்தது.

தொட்டிக்கு வந்தவுடன் மீனைக் கொட்டிவிடக் கூடாது. வாளியைத் தொட்டிக்கு அருகே வைத்து, தொட்டி நீரைக் குவளையால் சிறிது சிறிதாக வாளிக்குள் விட்டு, ஒரு மணி நேரம் பொறுத்து மீனை மட்டும் மாற்றினார்கள். வாளி நீர் வெளியே ஊற்றப்பட்டது. சூட்டிலும் உப்பிலும் திடீர் மாற்றத்தைத் தாங்கும் மீன்கள் நீரேரியில் பல உண்டு. ஆனாலும் தாங்கும் என்பதற்காக அந்தத் துன்பத்தைக் கொடுக்க வேண்டியதில்லை என்பது ஆசிரியரின் கட்டளை.

தொட்டி

முதல் தொட்டி இரும்புக் கோணச் சட்டத்தில் கண்ணாடி பதித்தது. நன்னீருக்குப் பொருந்திய அது உவர்நீரில் இரண்டு மாதத்தில் துருவேறிக் கசிந்தது. அடுத்து மூன்று பக்கம் சீமெந்தும் முகப்பில் கண்ணாடியுமாக இரண்டு தொட்டிகள் கட்டினார்கள். புதுச் சீமெந்து சுண்ணாம்பைக் கக்கும். அந்த நீரில் மீன் ஒருநாளும் தாங்காது. வாழைத்தண்டை வெட்டிப் போட்டு நீர் நிரப்பி ஊறவிட்டு, வாரம் ஒருமுறை இறைத்து, ஒன்றரை மாதம் இப்படிப் பழக்கிய பின்னரே தொட்டிகள் பயன்பட்டன. பிற்காலத்தில் சிலிக்கோன் பசையால் ஒட்டிய முழுக் கண்ணாடித் தொட்டி வந்தபோது துருவும் சுண்ணாம்பும் பேச்சிலிருந்தே போயின.

அடியில் மணற்காட்டு வெண்மணல். அதனுள் நொறுக்கிய சிப்பியும் சோகியும் கலந்திருந்தன. அவற்றிலுள்ள சுண்ணாம்பு நீர் புளிக்காமல் மெதுவாகக் காக்கிறது. மணலின் கீழே துளையிட்ட குழாய் ஒன்று. மின்சாரக் காற்றுப் பம்பி அதன் வழியே நீரை மேலே தூக்கும். நீர் மணலூடாக வடிந்து மீண்டும் கீழே வரும்.

இந்த மணலில் உயிர் இருக்கிறது என்பதை அவர்கள் பெரிய இழப்பின் மூலம் கற்றார்கள். முதல் சீமெந்துத் தொட்டி பழகி முடிந்த வாரத்திலேயே ஆவலில் 23 மீன்களை ஒரேயடியாக விட்டார்கள். நீர் கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. ஆறாம் நாள் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து மூடின. எட்டாம் நாள் காலையில் இரண்டே மீன்கள் மிஞ்சின. மீனின் கழிவும் தின்னாத இரையும் அமோனியாவாக மாறுகின்றன. மிகச் சிறிய அளவிலேயே அமோனியா மீன் மூச்சுவிடும் பூக்களைச் சுட்டுப் பழுதாக்கும். ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாகவும், இன்னொரு வகை அதை நஞ்சு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இவை மணலில் பெருகி நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் தேவை. புதுத் தொட்டிக்குப் பழைய தொட்டியின் மணலில் ஒரு சிரட்டை போட்டு, இரண்டு மீன்களை மட்டும் விட்டு, மாதம் ஒன்று கழித்து மெல்லக் கூட்டுவது அதற்குப் பின் வழக்கமாயிற்று.

உவர்நீர்த் தொட்டியில் புதியவர்கள் இன்னொரு தவறும் செய்வர். வெயிலில் நீர் குறையக் குறையக் கடல்நீரையே ஊற்றுவர். ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. உப்பு உள்ளேயே நிற்கும். ஆகவே குறைந்த அளவுக்கு நன்னீரே ஊற்ற வேண்டும். கண்ணாடியில் நிறச்சாந்தால் ஒரு கோடு கீறி, நாள்தோறும் காலையில் கிணற்று நீரால் அந்தக் கோடுவரை நிரப்புவது ஒரு மாணவனின் முறைவேலை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை கால்வாசி நீரை இறைத்துப் புது நீரேரி நீர் விட்டார்கள். அந்த நீர் துணியால் வடித்து, மூடிய சாடியில் ஒரு வாரம் இருட்டில் இருந்த நீர்.

மீன்கள் கற்றுத்தந்தவை

ஐந்து ஆண்டுகளில் தொட்டியில் வாழ்ந்தவற்றில் மிகவும் பேசப்பட்டது கீளி. வெள்ளி உடலில் கருங்கோடுகள் வளைந்து செல்லும் சிறு மீன் அது. மேலிருந்து பார்த்தால் அந்தக் கோடுகள் வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும். விலங்கியற் பெயர் தெரபொன் ஜார்புவா. போர்ஸ்கால் என்பவர் எழுதி, அவர் இறந்த பின் 1775இல் வெளிவந்த செங்கடல் மீன்களின் விவரணையில் இது முதலில் வந்தது. குஞ்சுகள் ஆழமற்ற மணலில் சிறு குழி பறித்து, அதைத் தம் இடமாகக் காத்து நிற்கும். நீரை விட்டு எடுத்தால் காற்றுப்பையை அதிரச் செய்து கீச்சிடும். தமிழ்நாட்டில் அதற்குக் கீச்சான் என்று பெயர் வந்தது அதனால்தான்.

1979இல் கீளிக் குஞ்சு நான்கையும் மடவைக் குஞ்சு பத்தையும் ஒரே தொட்டியில் விட்டார்கள். ஒரு வாரத்தில் மடவைகளின் வாலடியில் செதில் இல்லாத வெண்திட்டுக்கள் தோன்றின. நோய் என்று எண்ணி மருந்து விட்டார்கள். திட்டுக்கள் பெருகின. நீரை மாற்றினார்கள். பயனில்லை. ஒரு மாணவி மட்டும் மருந்தை நம்பாமல், பாடசாலை விட்ட பின் நாற்காலியைத் தொட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டு இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்தாள். முதல் முக்கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஆள் இருப்பதை மீன்கள் மறந்த பின் கீளி ஒன்று குழியிலிருந்து எழுந்தது. மடவைக்குப் பின்புறமாக அணைந்து சென்று, ஒரு நொடியில் வாலடியைக் கொறித்துவிட்டுக் குழிக்குத் திரும்பியது. ஒரு செதில் மின்னியபடி சுழன்று இறங்கியது. இன்னொரு கீளி அதை நடுவழியிலேயே கவ்வியது. அன்று மாலை ஒன்பது முறை இப்படி நடந்ததாகக் கொப்பியில் உள்ளது. இறந்த ஒரு கீளியின் வயிற்றை வெட்டிப் பார்த்தபோது அதில் செதில்கள் இருந்தன.

1978இல் தென்னாபிரிக்காவில் விற்பீல்ட், பிளேபர் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த மீனின் செதில் தின்னும் பழக்கத்தைப் பற்றி ஓர் ஆய்விதழில் எழுதியிருந்தார்கள் என்பது மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது. உலகம் அப்போதுதான் எழுதத் தொடங்கிய ஒன்றை அவள் நாற்காலியில் இருந்தே கண்டுவிட்டாள். தொட்டியின் மதிப்பு இதுதான். கடலில் கலங்கல் மூடி மறைப்பதைக் கண்ணாடி காட்டுகிறது. ஆனால் அதன் முன் பொறுமையாக இருப்பவருக்கு மட்டுமே காட்டுகிறது.

அன்று எட்ரோப்ளஸ் என்ற பேரினத்தில் வைக்கப்பட்ட இரண்டு மீன்களும் நீண்டநாள் வாழ்ந்தன. தட்டையான உடலுடைய இவை நன்னீரிலும் உவர்நீரிலும் வாழும். இவற்றுள் பெரியதன் இரண்டாம் பெயர் சூரடென்சிஸ். இந்தியாவின் சூரத் நகரத்தை வைத்து 1790இல் ஜெர்மானிய அறிஞர் புளொக் இட்ட பெயர் அது. சிறியது பொன்மஞ்சள் நிறமானது. தாயும் தந்தையும் சேர்ந்து முட்டையையும் குஞ்சையும் காக்கும். குஞ்சுகள் பெற்றோரின் உடலை உரசி, அதன் சளியைக் கொறித்துத் தின்னும். சிறிய மீன் பெரியதன் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் துப்புரவாக்கும் உறவை வைமன், வார்ட் என்போர் 1972இல் எழுதினர். இலங்கை நீரேரிகளில் இந்த மீன்களின் இனப்பெருக்கத்தை வார்டும் ஜயம்பதி சமரக்கோனும் ஆராய்ந்து 1981இல் வெளியிட்டனர்.

ஓரா பாசி தின்னி. தொட்டிச் சுவரில் படரும் பாசியை இரண்டு ஓராக்கள் மழித்துவிடும். சாதாளையையும் விடாது. பழைய நூல்களில் இதற்குச் சிகானஸ் ஓராமின் என்றொரு பெயர் காணப்படும். புளொக் இறந்த பின் 1801இல் சினைடர் பதிப்பித்த நூலில் வந்த சொல் அது. தரங்கம்பாடி மிசனரி ஜோன் அனுப்பிய மீன்கள் புளொக்கின் கைக்குப் போய்ச் சேர்ந்தவை. 'ஓரா மீன்' என்ற நம் பெயர் அப்படியே இலத்தீன் பெயருக்குள் ஒலிப்பதைக் கண்ட மாணவர்கள் அதைக் கரும்பலகையில் பெரிதாக எழுதி வைத்தார்கள்.

கடற்குதிரை வைத்திருந்தது ஒருமுறை மட்டுமே. ஆண் கடற்குதிரையின் வயிற்றுப் பையில் பெண் முட்டையிடும். சுமந்து பெறுவது ஆண். ஒருநாள் விடியலில் தொட்டி முழுவதும் நூல்துண்டு போன்ற குஞ்சுகள். எண்ண முடியவில்லை. நுளம்பு வலைத் துணியால் வடித்த நுண்ணுயிர்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்தாம் நாளுக்குள் எல்லாம் இறந்தன. மிஞ்சிய இரண்டு பெரியவற்றையும் எடுத்த சாதாளைத் தரையிலேயே கொண்டுபோய் விட்டார்கள். வளர்க்கத் தெரியாததை எடுப்பதில்லை என்ற விதி அன்று எழுதப்பட்டது.

கொப்பி

பிடித்த ஒவ்வொரு நாளுக்கும் கொப்பியில் ஒரு பக்கம். நாள், நேரம், இடம், காற்று, வற்றா பெருக்கா, ஆழம், அடித்தரை, மிதவை காட்டிய அளவு, பிடித்த கருவி, வலைக்காரர் சொன்ன பெயர், எண்ணிக்கை, விட்டுவந்தவை எத்தனை என்ற வரிசையில் எழுதினார்கள். ஊர்ப் பெயரை முதலில் எழுத வேண்டும் என்பது கட்டளை. விலங்கியற் பெயர் பிறகு வரும். ஆய்வாளர்கள் அதை மாற்றவும் கூடும். வலைக்காரர் சொல்லும் பெயரை அன்று எழுதாவிட்டால் பிறகு கேட்க ஆள் இருக்கமாட்டார்.

பெயர் கண்டுபிடிக்க முன்றோ எழுதி 1955இல் வெளிவந்த இலங்கைக் கடல், நன்னீர் மீன்கள் பற்றிய ஆங்கில நூல் துணை. செட்டை முட்களையும் கதிர்களையும் எண்ணி, பக்கக் கோட்டுச் செதில்களை எண்ணி, நூலின் திறவுகோலில் படிப்படியாக இறங்கினார்கள். இயல்பாக இறந்த மீன் மட்டும் போமலினுக்குப் போனது. விற்கும் போமலினில் ஒரு பங்கும் நீரில் ஒன்பது பங்கும். அதில் நிறம் வெளுத்துவிடும் என்பதால் முதலில் நிறந்தீட்டி வரைந்தார்கள். பெயர்ச்சீட்டைப் பென்சிலால் எழுதிப் போத்தலுக்கு உள்ளேயே இட்டார்கள். மை கரையும். வெளியே ஒட்டிய சீட்டு உதிரும்.

எல்லாப் பக்கமும் காபன் தாள் வைத்து இரண்டு பிரதி. ஒன்று ஆய்வுகூட அலுமாரியில். மற்றது ஒரு மாணவரின் வீட்டில்.

பின்னர்

1983க்குப் பின் போரால் கரைக்குப் போவது அரிதாயிற்று. 1990இல் மின்சாரம் நின்றபோது தொட்டிகளில் மீன் இல்லை. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு வந்தது. பாடசாலைகள் எல்லாம் அகதி முகாம்கள். அந்தச் சீமெந்துத் தொட்டிகள் இரண்டையும் கழுவித் துடைத்துக் குடிநீர் நிரப்பி வைத்தார்கள். மீனுக்காகக் கட்டியவை சில மாதங்கள் மனிதரைக் காத்தன. 2000ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி அழிந்தபோது ஆய்வுகூடமும் அலுமாரியும் போத்தல்களும் அதோடு போயின. வீட்டில் இருந்த பிரதி அதற்கு முன்னரே இன்னோர் ஊருக்கு எடுத்துச் செல்லப்பட்டிருந்ததால் தப்பியது.

இன்று நீரேரி மாறியிருக்கிறது. 2011 சனவரியில் கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையே பாலம் திறந்தது. நெருக்கமான கண்ணுள்ள நைலோன் வலைகள் பெருகின. மீன் சேகரிப்போர் அறிய வேண்டிய சட்டங்களும் உண்டு. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டத்தின் கீழ் கடற்றொழில் திணைக்களத்தில் கேட்டறிந்த பின்னரே கரைக்குப் போக வேண்டும். கடற்குதிரைகள் அனைத்தும் 2004 மே முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்துள்ளன. அந்நிய அலங்கார மீனையோ, அதோடு ஒரே நீரில் இருந்த நாட்டு மீனையோ நீரேரியில் விடக்கூடாது. ஒரு நோய் போதும், ஒரு கரை வெறுமையாக.

எஞ்சிய கொப்பியின் ஒரு பக்கம் இப்படிப் போகிறது: 1980 பெப்ரவரி 17, ஞாயிறு. தனங்கிளப்பு. காலை 6.40. வாடை. வற்று. முழங்கால் ஆழம், சாதாளை. 1.017. சிறகு வலை ஒதுக்கல். கீளி 3, ஓரா 2, பேத்தை 1. விட்டது 31.

அந்தக் காலையில் அந்த இடத்தில் அந்த நீரில் என்ன இருந்தது என்பதற்கு அந்தப் பக்கத்தைத் தவிர வேறு சான்று இல்லை. மீன்கள் போய்விட்டன, தொட்டியும் போய்விட்டது, எண்கள் நிற்கின்றன. பரவைக்கடல் மீனை எடுக்கப் போகும் இன்றைய ஆசிரியருக்கும் மாணவருக்கும் சொல்ல வேண்டியது ஒன்றே. குறைவாக எடுங்கள். எடுத்ததைவிட விட்டதைக் கூடுதலாக எழுதுங்கள். இரண்டு பிரதி எழுதி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.